எழுதிக் கொடுங்கள்: கரையோர நண்டு, இறால் கம்பெனி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி பக்கம் நண்டு, இறால், கணவாய் பதப்படுத்தும் கம்பெனிகளையும் உரிக்கும் ஷெட்டுகளையும் நடத்திவரும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நான் இந்தக் கரையில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவள். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பி.எஃப். பணம் எடுப்பது, அதோடு மனு. முதியோர் பென்ஷன், பட்டா, மீனவர் நல வாரிய அட்டை என்று வருகிறவர்களுக்கு நடுவில் உங்களிடம் வேலை பார்த்த பெண்களும் வருகிறார்கள். எந்தக் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றின் பெயரை எழுதினால் மற்றவர்கள் எல்லாரும் "அது நாம இல்லை" என்று நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அது போக, நான் எழுதிய மனுக்களில் சில இன்னும் விசாரணையில் இருக்கின்றன.

கம்பெனிகளை இழுத்து மூட வேண்டும் என்று நினைப்பவள் இல்லை நான். இந்தக் கரையில் ஒரு பெண்ணின் கைக்கு ஓரளவு தவறாமல் காசு வருகிறது என்றால் அது உங்கள் வாசலிலிருந்துதான். இல்லாவிட்டால் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போக வேண்டும். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்த நாளிலிருந்து அங்கே வனத்துறையோடு மல்லுக்கட்டுதான். உப்பளம் இருக்கிறது, மழை வந்தால் அந்த வேலையும் இல்லை. மிச்சம் திருப்பூர் பஸ். உங்கள் கம்பெனி நன்றாக நடக்க வேண்டும் என்பதில் உங்களுக்கு இருக்கிற அக்கறை இந்தப் பெண்களுக்கும் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். எழுதிக் கொடுங்கள். வேலைக்குச் சேர்க்கும்போது ஒரு நியமனக் கடிதம், சம்பளத்தோடு ஒரு சீட்டு, நிறுத்தினால் ஏன் நிறுத்துகிறோம் என்று ஒரு தாள். ஆள் பார்த்துக் கூலி, ஆள் பார்த்து வேலை, ஆள் பார்த்து வெளியே அனுப்புவது என்று நான் பார்த்ததெல்லாம் இந்த மூன்று தாளும் இல்லாத இடத்தில்தான் நடக்கிறது.

என்னிடம் அதிகம் வருவது "நாளைக்கு வர வேண்டாம்" விவகாரம். அதைக்கூட நேரில் சொல்வது அபூர்வம். சூப்பர்வைசர் வேன் டிரைவரிடம் சொல்வார், டிரைவர் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வார். சிலருக்கு அதுவும் கிடையாது. விடியற்காலை வேன் வரும், அவள் நிற்கிற முனையில் நிற்காமல் போய்விடும். வேலைநீக்கம் முடிந்தது. "என்னக்கா தப்புப் பண்ணேன்னாவது சொல்லலாம்ல?" என்று கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

மனு கொடுத்தால் லேபர் ஆபீசில் முதல் கேள்வி, "நீ அங்கேதான் வேலை பார்த்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" பல வருஷம் வேலை பார்த்தவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. பொங்கல் விழாவில் தலையில் வலைத்தொப்பியோடு எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டு வருவாள். சூப்பர்வைசரின் சொந்த நம்பரிலிருந்து வந்த ஜிபே மெசேஜைக் காட்டுவாள். ஒரு பெண், தீபாவளிக்குக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்தாள், மூடியில் கம்பெனி பெயர் வெட்டியிருந்தது. ஏற்றுமதிச் சரக்கில் ஒவ்வொரு டின்னுக்கும் எந்தத் தேதி, எந்த பேட்ச் என்று கணக்கு வைத்திருக்கும் கம்பெனி அது. நண்டுக்கு இருக்கிற பதிவு, அதை உடைத்துச் சதை எடுத்தவளுக்கு இல்லை.

உங்கள் மேனேஜர்கள் இதற்குச் சொல்கிற பதில் எனக்கு மனப்பாடம். "இது சீசன் தொழில்மா, சரக்கு வந்தா வேலை, வரலைன்னா இல்லை." பாதி உண்மை. விசைப்படகு வாரத்தில் சில நாள்தான் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது இறாலும் கணவாயும் வராது. ஆனால் அந்தத் தடை நாட்டுப்படகுக்குக் கிடையாது. ஃபைபர் படகில் நண்டு வலை விடுகிறவர்கள் தடைக்காலத்திலும் போகிறார்கள், நீலக்கால் நண்டு வந்துகொண்டுதான் இருக்கிறது. நண்டு மட்டும் எடுக்கிற கம்பெனி எதற்குத் தடைக்காலத்தில் ஆளை நிறுத்திவிட்டு, ஜூன் 15-க்கு அப்புறம் அதே ஆளைப் புது ஆள் என்று நோட்டில் எழுதுகிறது? 240 நாள் கணக்குச் சேரக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த 240 நாள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு என்று நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் இது உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் உண்டு. சீசன் தொழில், ஐம்பது பேருக்குக் குறைவான கம்பெனி என்று சட்டம் தருகிற விலக்கு, வேலை இல்லாத நாளுக்குத் தர வேண்டிய லே-ஆஃப் பணத்துக்குத்தான். ஆளை அனுப்பும்போது தர வேண்டிய நோட்டீசுக்கும் ஈட்டுத்தொகைக்கும் அந்த விலக்கு இல்லை. அது மட்டுமில்லாமல், ஒரு தொழில் சீசன் தொழிலா என்று தகராறு வந்தால் அதைத் தீர்மானிப்பது அரசாங்கம், உங்கள் மேனேஜர் இல்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் அந்தப் பிரிவில் கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இதற்கு யார் எப்போது சேர்ந்தார் என்ற பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாத இடத்தில் யார் வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். வயிறு தெரிய ஆரம்பித்தவள். கண்ணாடி போட்டவள். பி.எஃப். பிடிக்கிறீர்களே, நம்பர் எங்கே என்று கேட்டவள். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவள். இவர்களில் யாரும் கடைசியில் சேர்ந்தவர்கள் இல்லை.

அடுத்தது கூலி. நண்டு வேகவைக்கிற இடத்தில் ஆண்கள், உடைக்கிற மேசையில் பெண்கள், அது தெரிந்ததுதான். ஜம்போ, பேக்ஃபின், ஸ்பெஷல், கிளா என்று தரம் பிரித்து எடை போட்டு டப்பாவில் அடைக்கிற இடத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒரே மேசை, ஒரே தராசு, ஒரே ஷிப்ட். ஆணுக்கு மாதச் சம்பளம், நோட்டில் "ஆபரேட்டர்". பெண்ணுக்கு நாள் கூலி, நோட்டில் "ஹெல்பர்". அந்த ஆபரேட்டருக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அந்த ஹெல்பர் என்றால் சிரிப்பீர்கள். என்னிடம் வந்த ஒரு மனுவில் அப்படித்தான் இருந்தது.

சம வேலைக்குச் சம ஊதியம் 1976-லேயே சட்டமாகிவிட்டது. இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்றாவது பிரிவாக இருக்கிறது. சட்டம் கேட்பது நோட்டில் எழுதிய பதவிப் பெயரை இல்லை. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இவை ஒத்த வேலையா என்றுதான் கேட்கிறது. சின்னச் சின்ன வித்தியாசம் கணக்கில் வராது. சமமாக்குகிறேன் என்று ஆண்களின் கூலியைக் குறைக்கவும் கூடாது.

இதில் 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். மெக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் கம்பெனி. ஆட்ரி டிகாஸ்டா அங்கே ஸ்டெனோகிராபர். ஆண் ஸ்டெனோகிராபர்களுக்கு ஒரு சம்பளம், பெண்களுக்குக் குறைந்த சம்பளம். பெண் ஸ்டெனோகிராபர்கள் தனிப் பிரிவு என்றது கம்பெனி. யூனியனோடு ஒப்பந்தமே போட்டிருக்கிறோம் என்றது. எல்லாருக்கும் அப்படிக் கொடுக்க எங்களால் முடியாது என்றது. ஒன்றும் நிற்கவில்லை. கொடுக்க வசதி இல்லை என்பதற்காக ஒரே வேலைக்கு ஒரு பிரிவினருக்குக் குறைத்துக் கொடுக்க இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பம்பாய் ஆபீஸ் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கம்பெனி சொன்ன மூன்று காரணத்தையும் நான் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன். யூனியன் என்று ஒன்று இல்லாததால் அதற்குப் பதில் "காண்ட்ராக்டர் ஒத்துக்கிட்டார்" என்பார்கள்.

பெண்கள் பையில் விழுகிற இன்னொரு அடி, ஃபைன். சதையில் ஓட்டுத் துண்டு இருந்தால் அரை நாள் கூலி கட். உடைக்கிற மேசையில் பெண்கள் மட்டும்தான் என்பதால் இந்த ஃபைனும் அவர்களுக்கு மட்டும்தான். அபராதம் என்றால் அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் அவர் பக்கத்தைக் கேட்ட பிறகுதான் என்று சட்டம் சொல்கிறது. சீட்டே இல்லாதபோது மூன்று சதவீதம் எதில் மூன்று சதவீதம்?

இந்த ஓட்டுத் துண்டைச் சொல்லித்தான் நாற்பத்தைந்து தாண்டியவர்களை அனுப்புகிறீர்கள். பார்வை மங்கிவிட்டது, வெளிநாட்டுக்காரன் புகார் பண்ணுகிறான் என்கிறீர்கள். புகார் வருவது உண்மையாகவே இருக்கட்டும். நாற்பது வயது தாண்டிய தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனை முதலாளியின் பொறுப்பு என்று புதிய சட்டத் தொகுப்பை அமலுக்குக் கொண்டுவந்தபோது மத்திய அரசு சொன்னது. அதில் கண்ணையும் பார்த்துவிட்டு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் தீர்கிற விஷயம் இது. இருபது வருஷம் நண்டு உடைத்த கைக்கு எந்த மூட்டு எங்கே விடும் என்று தெரியும். புதுப் பிள்ளைக்கு அது வர ஒரு சீசன் ஆகும், அந்த ஒரு சீசன் முழுக்க நஷ்டம் உங்களுக்குத்தான்.

பிள்ளைப்பேறு பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீர் வழிகிற தரையில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலையில், ஐந்தாம் மாதம் வரை துப்பட்டாவை இழுத்துவிட்டு மறைத்து வேலை பார்க்கிறார்கள். எதற்கு? தெரிந்தால் வேன் நிற்காது. சட்டத்தில் தேவை, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை. முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதற்கு மேல் 12 வாரம். கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு அனுப்பினால் கம்பெனிக்கு அதுவே தனிக் குற்றம். அந்தப் பணமும் அவளுக்குப் போகத்தான் வேண்டும். "அவங்க நிரந்தரம் இல்லை, தினக்கூலி" என்கிற பதில் 2000-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் ரோடு வேலை பார்த்த பெண்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தினக்கூலிப் பெண்ணுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாலையில் வெயிலில் நின்றவருக்கு உண்டு என்றால் உங்கள் ஷெட்டில் ஐஸில் நிற்பவருக்கு இல்லையா?

இதில் உங்களுக்கே புரியாத கணக்கு ஒன்று இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவரை இ.எஸ்.ஐ.யில் சேர்த்திருந்தால் மகப்பேற்றுச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். உங்கள் பங்கு கூலியில் 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆளைக் கணக்கில் காட்டாமல் விட்டுவிட்டு, அப்புறம் 26 வாரச் சம்பளம் என் தலையில் விழுகிறதே என்று பயந்து அவளை அனுப்புகிறீர்கள்.

இனி, சட்டத்தின் கை அவ்வளவாக எட்டாத இடம். மண்டபம் முகாமிலிருந்து வருகிறவர்களுக்குப் பல இடத்தில் ஒரு தனிக் கூலி இருக்கிறது. முகாம் கூலி என்றே பெயர். 2021-இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று ஆக்கியது, கூலி அப்படியேதான் இருக்கிறது. முகாமில் ஆள் கணக்கெடுக்கிற நாளில் அரை நாள் லீவு கேட்டால் மறுநாள் வேலை இல்லை. சம ஊதியப் பிரிவு ஆண், பெண் என்ற பாகுபாட்டைத்தான் தடுக்கிறது. ஊர், முகாம், வயது, மதம் பார்த்துத் தனியார் கம்பெனி கூலியைக் குறைத்தால் நேரடியாக இழுத்துப் பிடிக்க நம் நாட்டில் ஒரு பொதுச் சட்டம் இல்லை. இதை ஒளிக்க விரும்பவில்லை, உங்களுக்கும் தெரியும். ஆனால் குறைந்தபட்சக் கூலி வேலை பார்க்கிற எவருக்கும் உரியது. குடியுரிமைச் சான்று காட்டினால்தான் கொடுப்பேன் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது போக, முகாம் பெண்ணும் உள்ளூர்ப் பெண்ணும் ஒரே மேசையில் நிற்கும்போது அந்த வித்தியாசத்தைச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க உங்களில் எத்தனை பேருக்கு மனசு வரும்? எழுத வேண்டிய கட்டாயம் வந்தாலே பாதிப் பேர் மாற்றிக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு தெரு ஆட்களுக்கு வேறு வேன், வேறு தண்ணீர் டம்ளர், பேக்கிங் அறைக்குள் விடுவதில்லை என்று நடத்தும் இடங்களும் இருக்கின்றன. நீளமாக எழுதப் போவதில்லை. அது லேபர் ஆபீஸ் விவகாரம் இல்லை, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விவகாரம். முன்ஜாமீனுக்கு இடமில்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லி வையுங்கள்.

சூப்பர்வைசர் என்றதும் அடுத்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தலைவர் அங்கே வேலை பார்க்கும் மூத்த பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் கம்பெனிகளில் போர்டு இருக்கிறது, மறுக்கவில்லை. வெளிநாட்டு ஆடிட் வருகிறவர்கள் அதைத்தான் முதலில் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு போர்டில் இருந்த பெயரை ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரிந்த அம்மா. கூப்பிட்டுக் கேட்டேன். குழுவில் தன் பெயர் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் அங்கே வேலையை விட்டே ரொம்ப நாளாகிறது.

புகார் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதை உங்கள் ஆட்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். "பார்க்கலாம், பேசி முடிச்சுக்கலாம், சீசன் முடியட்டும்" என்று நாளைக் கடத்துவது அதற்குத்தான். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம் என்பதும், எழுதத் தெரியாத பெண்ணுக்குக் குழுவே எழுதிக் கொடுக்க உதவ வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. "பொய்ப் புகார் கொடுத்தா உன் மேலதான் நடவடிக்கை" என்று மிரட்டுவதும் நடக்கிறது. நிரூபிக்க முடியாமல் போனதை வைத்து மட்டும் ஒரு பெண் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான ஷெட் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாவட்டத்துக்கும் தேதி குறித்து, 2025 ஜனவரி 31-க்குள் அந்தக் குழுவை அமைக்கச் சொன்னது.

உங்கள் பக்கத்தையும் எழுதாவிட்டால் இது மடல் ஆகாது. வாங்குகிறவன் அமெரிக்காவில் இருக்கிறான், விலையை அவன் சொல்கிறான். 2025 ஆகஸ்டில் அங்கே வரி 50 சதவீதம் ஆனபோது ராத்திரித் தூக்கம் போனது உங்களுக்குத்தான், எனக்கில்லை. நண்டு வரத்து முன்னைப்போல் இல்லை. கரண்ட், ஐஸ், டீசல் எல்லாம் ஏறிவிட்டது. ஆளைக் குறைக்க வேண்டி வரலாம். குறைக்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை, சட்டமும் சொல்லவில்லை. எப்படிக் குறைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. வரி ஏறிய அந்த மாதங்களில் என்னிடம் வந்தவர்கள் எல்லாருமே பெண்கள். ஒரு டிரைவரோ ஒரு பாய்லர் ஆளோ வரவில்லை. வரிக்கு ஆண், பெண் தெரியுமா என்ன?

புதிய சட்டத் தொகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன; ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300-ஆக உயர்த்தியது போன்றவற்றில் எனக்கும் உடன்பாடு இல்லை. முதலாளிகளுக்குச் சாதகம் என்று நீங்கள் சந்தோஷப்படுவதும் காதில் விழுகிறது. ஆனால் உங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டாத பகுதிகள் சில அதிலேயே இருக்கின்றன. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும். சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். ஆளை நிறுத்தினால் பாக்கிக் கூலியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். கூலி பாக்கி என்று வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். வேலையை விட்டு நீக்கியதற்கு, சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் ஆனதும், நீக்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பெண் தானாகவே தீர்ப்பாயத்துக்குப் போகலாம், யூனியன் வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம், கூலி பாக்கி, கூலி குறைவு என்று ஒருவர் மனுக் கொடுத்தால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. ஊதியச் சட்டத் தொகுப்பு 59-வது பிரிவு. இத்தனை வருஷம் சீட்டு இல்லாதது அவளுக்கு மட்டும்தான் பலவீனமாக இருந்தது. இனி அவள் வேலை பார்த்தாள் என்று ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்து நிறுவிவிட்டால் போதும், கூலி கொடுத்தேன் என்று காட்டக் காகிதம் தேட வேண்டியது நீங்கள். வவுச்சரில் மொத்தமாகக் காண்ட்ராக்டர் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்றால், காண்ட்ராக்டர் கொடுக்காத கூலிக்கும் கடைசியில் பொறுப்பு உங்கள் கம்பெனிதான். அது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கிறது.

ராமநாதபுரத்தில் சமரசம் முறிந்தால் வழக்கு மதுரை போகும். மண்டபத்திலிருந்து ஒரு பெண் மதுரை போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போகும். அதனால் வர மாட்டாள் என்று கணக்குப் போட்டால் அது பழைய கணக்கு. பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். அந்த விண்ணப்பத்தையும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

தடைக்காலம் முடிந்து ஆள் எடுக்கும்போது செய்ய வேண்டியது இது. ஒரு பக்கத்தில், தமிழில், நியமனக் கடிதம்: பெயர், சேர்ந்த தேதி, என்ன வேலை, என்ன கூலி விகிதம், சம்பளம் தருவது கம்பெனியா காண்ட்ராக்டரா. பழைய ஆளுக்குப் பழைய தேதியையே போடுங்கள், ஜூன் 15 என்று போடாதீர்கள். சம்பள நாளில் ஒரு சீட்டு: எத்தனை நாள் அல்லது எத்தனை கிலோ, எவ்வளவு கூலி, என்ன பிடித்தம், எதற்கு. ஆண்களுக்கும் அதே சீட்டு, அதே வடிவம், பதவிப் பெயரைத் திருத்தி. உள்ளகக் குழு உறுப்பினர்களிடம், அவர்கள் உறுப்பினர் என்பதை முதலில் சொல்லுங்கள். போர்டைச் சாப்பிடுகிற இடத்தில் மாட்டுங்கள், ஆபீஸ் அறைக்குள் மாட்டாதீர்கள்.

போன சீசனில் வேன் நிற்காமல் போன பெண்கள் பலருக்கு உங்களிடம் கூலி பாக்கி இருக்கிறது, தொகை பெரிதும் இல்லை. மூன்று ஆண்டு அவகாசம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது, வருவார்கள். அதற்கு முன்னால் நீங்களே கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். எனக்குக் கொஞ்சம் வருமானம் குறையும், பரவாயில்லை.

இப்படிக்கு,
மனு எழுதுபவள்,
மண்டபம்.